மேனேஜர் சார் திருப்பாத பக்கம்

மேனேஜர் சார், நீங்கள் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து, சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே சிரிக்கிற பொம்மையும் வைத்தது நீங்கள். அந்தப் படத்தை வைத்து ஒரு மனுஷனை ஊர் கேலி செய்தபோது, பழியைத் தூக்கி அவருடைய பன்னிரண்டு வயது மகள் தலையில் வைத்து, அசெம்பிளியில் மன்னிப்புக் கேட்க வைத்ததும் நீங்கள்.

இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். பதிலாக மெமோ வந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற பழைய மிஷன் பள்ளிக்கூடம். மற்ற வகுப்பெல்லாம் மலையாளம், தமிழுக்கு ஒரு டிவிஷன் உண்டு. அஞ்சாம் கிளாஸிலிருந்து ஏழு வரைக்கும் அங்கே தமிழ் எடுப்பது நான். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பஸ்ஸில் மலையாளம் பேசுவார்கள், சண்டை வந்தால் இரண்டிலும் பேசுவார்கள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு கதை எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும்.

நின்றுவிடும் என்றால், ஒன்றும் எழுத மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரே கதையை எல்லாரும் எழுதுவார்கள். ஒரு பையன் கெட்டவனாக இருந்தான், பொய் சொன்னான், அம்மா பேச்சைக் கேட்கவில்லை, ஒரு நாள் அடிபட்டது, திருந்திவிட்டான். ஏன் இப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு நாள் ஒருத்தனை எழுந்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டு வாசித்தான். அப்போதுதான் பிடிபட்டது. அது கதை இல்லை. சாட்சி.

எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு நேரம் உண்டு. ஒருத்தர் எழுந்து, முன்பு இப்படி இருந்தேன், இப்போது இப்படி இருக்கிறேன் என்று சொல்லுவார். சபை ஆமென் சொல்லும். மடியில் இருக்கிற வயதிலிருந்து பிள்ளைகள் கேட்பது அதைத்தான். எங்கள் வகுப்பில் இந்து வீட்டுப் பிள்ளைகளும் பாதிக்கு மேல் உண்டு. அவர்களும் அப்படியேதான் எழுதினார்கள். எங்கள் மைக் செட் அவர்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் கேட்கும்.

சாட்சியில் நான் குறை சொல்லவில்லை. சாட்சி சொல்லுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்லுகிறார், உண்மை என்று சொல்லுகிறார். கதை வேறு. இந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் அக்கா வீட்டில் ஒரு சாக்கு நிறையப் படப் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட வைத்திருந்தார்கள். அவள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பாதி இங்கிலீஷ், கொஞ்சம் மலையாளம். தூக்கிக்கொண்டு வந்தேன். ஏழாம் கிளாஸில் கொண்டுபோய்ப் போட்டதும் ஒரே சிரிப்பு.

"டீச்சரே, இது அங்கன்வாடி புக்காக்கும்."

"எலே, நீ எடுத்துக்கோ. ஒனக்கு அதான் கரெக்ட்."

"போலே, ஒனக்க அம்மைக்குக் குடு."

நான் எழுத்து இருக்கிற இடத்திலெல்லாம் பழைய காலண்டர் தாளை வெட்டி ஒட்டியிருந்தேன். படம் மட்டும் தெரியும். ஒரு புத்தகத்தில் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். அவன் கட்டிலுக்கு அடியில் உடுப்பு, பந்து, தட்டு, ஒரு நாய் எல்லாம் பிதுங்கிக்கொண்டு கிடக்கிறது. "இவன் என்ன சொல்லுகிறான்?" என்று கேட்டேன். ஆளாளுக்குச் சொன்னார்கள். ரூமில் குப்பை கிடக்கிறது என்கிறான், நாய் ஒளிந்திருக்கிறது என்கிறான். பிறகு தாளைப் பிய்த்துக் காட்டினேன். "நான் என் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன்" என்று எழுதியிருந்தது.

வகுப்பு ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அந்த நொடியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். எழுத்து ஒன்று சொல்லும், படம் இன்னொன்று காட்டும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதை வாசிக்கிறவன் பிடிக்க வேண்டும் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பாடம் பக்கம் திருப்புவது. படப் புத்தகத்தில் பக்கம் சும்மா முடிவதில்லை. ஒன்றை மறைத்து வைத்துவிட்டுத்தான் முடியும். திருப்பினால் நீ நினைத்தது தப்பு என்று காட்டும். நான் பக்கத்தின் ஓரத்தை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். "மறியுங்க டீச்சர்! பேஜ மறியுங்க!" என்று கத்துவார்கள். பக்கத்து டிவிஷன் மலையாளம் டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வகுப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தோம். பின் அட்டை வரும்வரை யாரும் இது நல்ல கதை, இது மோசமான கதை, இவன் கள்ளன், இவன் நல்லவன் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் புரிந்தது.

முதலில் சொன்னேனே, அந்தப் பெண் அதிகம் பேச மாட்டாள். பென்சிலைக் கடித்து மரத்தைத் துப்புவாள். எங்கே இடம் கிடைத்தாலும் பூனை வரைவாள். கணக்கு நோட்டிலும் பூனை. ஒரு நாள் அவளாக எழுந்து கேட்டாள்.

"டீச்சர், எழுத்துதான் எப்பவும் கள்ளம் செல்லணுமா? படம் கள்ளம் செல்லப்பிடாதா?"

"செய்து காட்டு மக்கா" என்றேன்.

அவள் செய்து காட்டினாள். தாளை மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து ஒரு புத்தகம். பெயர், "மீன் தின்னாத பூனை". பூனை வெள்ளைச் சட்டையும் கரை வைத்த முண்டும் உடுத்து சர்ச்சுக்குப் போகிறது. பெஞ்சில் எலிகள், கோழிகள், ஒரு ஆடு. பூனை எழுந்து சொல்லுகிறது: "நான் மீன் தின்பதை விட்டுவிட்டேன்." கோழி கண்ணைத் துடைக்கிறது. எல்லாரும் ஆமென் சொல்லுகிறார்கள். அடுத்த பக்கத்தில் "பூனையின் மனசு லேசாக இருந்தது" என்று எழுதியிருக்கிறது, படத்தில் பூனையின் சட்டைப் பையிலிருந்து ஒரு மீன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு பூனை வேகமாக வெளியே நடக்கிறது. எல்லாரும் வாலைப் பார்க்கிறார்கள். "யாரும் ஒன்றும் சொல்லவில்லை."

அவள் வகுப்பில் காட்டியபோது இந்த இடத்தில் பக்கத்தின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே நின்றாள். வகுப்பு கத்தியது. திருப்பினாள். கனால் கரை. பூனை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. வளர்க்கிற மீனைக் கடையில் தண்ணீரோடு ஒரு கவரில் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரி ஒரு கவரைப் பையிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் கவிழ்க்கிறது. மீன் பாதி கவரிலும் பாதி கனாலிலும். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை. "போ."

கடைசிப் பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "டீச்சர், முதல் பேஜ காட்டச் செல்லுங்க" என்றான். காட்டினாள். முதல் பக்கத்திலிருந்தே பூனைக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரைந்திருந்தாள். கவர் ஒழுகியிருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"நான் பாத்தேன், பூனை முண்டுல மூத்திரம் போயாச்சுன்னு நெனச்சேன்" என்றான் அவன். வகுப்பு உருண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் இத்தனை வருஷம் பாடம் எடுத்ததில் அது போல ஒரு பீரியட் வேறு இல்லை.

இனி அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜங்ஷன் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். பம்ப் செட், மிக்ஸி, டேபிள் ஃபேன் எல்லாம் அவரிடம்தான் போகும். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தார். அதை நான் மறைக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். விட்டுவிட்டார். சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அன்றைக்கு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆமென் சொன்னேன். மேனேஜர் சாரும் சொன்னார்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் செய்த புத்தகங்களை ஹாலில் ஒரு மேசையில் வைத்திருந்தோம். மேனேஜர் சார் விருந்தாளிகளோடு வந்தார். கையில் கிடைத்த புத்தகத்தை நடுவில் திறந்தார். மீன் வால் படம். குலுங்கிச் சிரித்தார். போனை எடுத்தார். "சாரே, கடைசி வரைக்கும் பாருங்க" என்றேன். "பின்ன பாக்காம், டீச்சரே" என்று தள்ளிப்போட்டுவிட்டு விருந்தாளிகளோடு நகர்ந்துவிட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. தமாஷ் என்று நினைத்துச் செய்தார். குரூப்பில் படத்தைப் போட்டு, "சாட்சி சொல்பவர்கள் பையைச் சரிபார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினார். பத்துப் பேர் சிரித்தார்கள். பிறகு யாரோ ஒருத்தர், இதை வரைந்தது எந்தப் பிள்ளை என்று கேட்டார். யாரோ சொன்னார். அதோடு தமாஷ் முடிந்தது.

அந்தக் கரை வைத்த முண்டு அவளுடைய அப்பாவின் முண்டு என்றார்கள். பாலராமபுரத்துக் கரை முண்டு உடுத்தாத ஆண் எங்கள் சபையில் யார்? மகளுக்குத் தெரியாதா, வீட்டுக்குள் நடப்பது மகளுக்குத்தானே தெரியும் என்றார்கள். சாட்சி கேட்டே பழகின ஊர் அல்லவா? பிள்ளை சாட்சி சொல்லிவிட்டது என்று முடிவு செய்தார்கள். அவர் கடைக்கு முன்னால் பைக்கை நிறுத்தி, "எண்ணே, பாக்கெட்டுல என்ன உண்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாள் காலையில் கடை திறக்க வந்தபோது ஷட்டர் கைப்பிடியில் ஒரு கவர் கட்டித் தொங்கியது. உள்ளே ஒரு சாளை மீன்.

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

இதற்கு யார் பதில் சொல்லுவது என்று சர்ச் கமிட்டியில் பேச்சு வந்தபோது, மேனேஜர் சார் அந்தப் பெண்ணை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மோளே, இது உள்ளதோ, பொய்யோ?"

"பூனையாக்கும், சாரே."

"அதல்ல நான் கேட்டது. ஆரைக் குறிச்சு எழுதின?"

"பூனைய."

"எந்தப் பூனை?"

"நான் வரைஞ்ச பூனை."

"பூனை சர்ச்சுக்கு வருமோ?"

"வராது."

"அப்ப பொய்தானே? பொய் எழுதி ஒரு மனுஷனை நாணம் கெடுத்தா மாப்புச் செல்லணும். அல்லங்கில் உள்ளதுன்னு செல்லு. ரெண்டுல ஒண்ணு."

"சாரே, புத்தகத்தை முழுசாப் பாருங்க. கடைசிப் பக்கம்" என்றேன் நான்.

"நான் பாக்க வேண்டியது பாத்தாச்சு, டீச்சரே. பிள்ளையளுக்கு வேதபாடமும் தமிழும் படிப்பிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் பையில் போயிற்று.

அந்த இரண்டு கேள்வியில் எதற்கு அவள் பதில் சொல்ல முடியும்? உண்மை என்றால் அப்பா கள்ளன். பொய் என்றால் அவள் கள்ளி. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்குக் கதை என்று பெயர். அதைத்தான் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் பொய் என்று சொன்னாள். திங்கட்கிழமை அசெம்பிளியில், எழுதிக் கொடுத்த தாளை மைக்கில் வாசித்தாள். "நான் எழுதிய கதை பொய். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்." அஞ்சாம் கிளாஸ் வரிசையில் சிலர் சிரித்தார்கள். கையை முன்னால் கோத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

நான் கடைக்குப் போனேன். அவர் ஒரு பம்ப் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இருங்க டீச்சரே. மீன கெட்டித் தூக்குனவன் ஆருன்னு எனக்குத் தெரியும். அது போட்டு, விடுங்க. நான் ஒரு காலத்துல இதவிடக் கேவலமா ரோட்டுல கெடந்தவன். எனக்கு ஒண்ணு மட்டும் செல்லுங்க. எனக்க மோளு அப்பிடித்தான் நெனச்சிருக்காளா? நான் ஒளிச்சுக் குடிக்கேன்னு?"

கடைசிப் பக்கத்தைச் சொன்னேன். கனால், கவர், மீன், "போ". முதல் பக்கத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கம்பியைச் சுற்றினார்.

"நீங்க நல்ல ஆளு, டீச்சர். எனக்கு ஆறுதலுக்கு நாலு வார்த்தை செல்லுவீங்க. ஆனா நான் பாத்தது அந்தப் படம்தான். எனக்க போன்லயும் வந்துது."

"மற்றப் பிள்ளைகளிடம் கேளுங்கள். எல்லாரும் பார்த்தார்கள்."

"கேட்டேன். அவனுவளும் அதையேதான் செல்லுகானுவ. நீங்க செல்லிக் குடுத்தியன்னு ஊர்ல பேச்சு."

"அவளையே கேட்டீர்களா?"

கம்பி நின்றது. "பேடியா இருக்கு, டீச்சரே" என்றார், பயத்தை மறைக்காமல்.

எனக்குப் பளிச்சென்று ஒரு வழி தோன்றியது. மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை வரைந்து அப்பாவுக்குக் கொடு என்றேன். பென்சிலும் தாளும் நீட்டினேன். வாங்கவில்லை.

"இப்ப வரைஞ்சா, பேடிச்சு மாத்தி வரைஞ்சேன்னு செல்லுவாங்க டீச்சர். அப்பாவும் அப்பிடித்தான் நெனைக்கும். அந்த புக்குதான் வேணும்."

பென்சிலையும் தாளையும் திரும்ப எடுத்து வைத்தேன். அவள் சொன்னது சரி. அந்தப் படத்தை அவள் யாரும் கேட்காதபோது வரைந்தாள். அதுதான் அதன் விலை. இனி வரைவது எல்லாம் மன்னிப்புக் கடிதத்தோடு சேர்ந்துதான் கிடக்கும். என்னிடம் போட்டோ இல்லை. ஒரு பிள்ளையின் காகிதப் புத்தகத்தைப் பெரியவர் ஒருத்தர் பூட்டி வைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பூனை உன் அப்பாவா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கும் இல்லை, சபைக்கும் இல்லை.

என் வகுப்பு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? படப் புத்தகங்களை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது என்று மெமோவில் இருக்கிறது. ஆனால் பாடத்தில் கதை எழுதும் பகுதி உண்டு, எழுதச் சொல்லித்தானே ஆக வேண்டும். எழுதுகிறார்கள். பூனை என்று எழுதியவன் அடித்துவிட்டு "ஒரு மிருகம்" என்று எழுதியிருக்கிறான். ஒருத்தி கதைக்கு அடியில், டிவி சீரியலில் போடுகிற மாதிரி, "இது யாரையும் குறிப்பிடுவது அல்ல" என்று எழுதியிருந்தாள். அடுத்த வாரம் பாதி வகுப்பு அப்படி எழுதியது. சிரிக்கலாம் போல இருந்தது. சிரிப்பு வரவில்லை. பழைய கையைக் கோத்த பையன் திரும்பி வந்துவிட்டான். பொய் சொன்னான், அடிபட்டது, திருந்திவிட்டான்.

அவள் எழுதுகிறாள். எழுத்து அழகாக இருக்கிறது. பக்கத்தைச் சுற்றி ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுகிறாள். பூனை இல்லை. கணக்கு நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

அவர் இன்று வரைக்கும் குடிக்கவில்லை. எத்தனை நாள் தாங்குவார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் மகளும் அப்பாவும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், அந்த ஒன்றைப் பற்றிப் பேசுவதில்லை என்று அவளுடைய அம்மா என்னிடம் சொல்லி அழுதார். பூட்டின அலமாரிக்குள் ஒரு காகிதம் இருக்கிறது. அதை அவர் ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்.

மேனேஜர் சார், பி.டி.ஏ. பொதுக்கூட்டம் வருகிறது. தலைமை நீங்கள்தான். அந்தப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். அவர் வருவார், நான் கூட்டிக்கொண்டு வருவேன், முன் வரிசையில் உட்கார வைப்பேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக, உங்கள் கையாலேயே திருப்புங்கள். நான் பக்கத்தில் வர மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். கடைசிப் பக்கம் வந்ததும் அதை உயர்த்திப் பிடித்து அவருக்குக் காட்டுங்கள். பிறகு, அந்தப் பெண்ணை எந்த மைக்கில் வாசிக்க வைத்தீர்களோ அதே மைக்கில், அவளிடம் நீங்கள் கேட்ட மாதிரியே நானும் கேட்கிறேன், இரண்டில் ஒன்று சொல்லுங்கள்: குரூப்பில் போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் பார்த்தீர்களா, இல்லையா?